கொழுந்தன் கொண்டுவந்த கிடார்

தையல்கடையிலிருந்து வெளியே போகிற துணி எதுவும் அடையாளம் இல்லாமல் போகாது. பூவேலைக்குப் போகும் சட்டையானாலும் சாயத்துக்குப் போகும் திரைச்சீலையானாலும், உள்மடிப்பில் யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, சிவப்பு நூலால் குறுக்கே ஒரு தையல் போட்டுத்தான் கடைக்காரி கொடுத்தனுப்புவாள். கடை போட்ட புதிதில் ஒரு சாயக்காரன் நல்ல துணியை வைத்துக்கொண்டு அதே நிறத்தில் மட்டமான துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வாடிக்கைக்காரி வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்தினாள். அது அந்தத் துணி இல்லை என்று தையல்கடைக்காரிக்கும் தெரிந்தது, நிரூபிக்கத்தான் முடியவில்லை. அன்று பட்ட அவமானம் ஆறவே இல்லை. இனி உலகத்தில் யாரையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தவள், அந்த முடிவில் உறுதியாகவும் இருந்தாள். தராசு முள் நேராக நின்றாலும் அவள் பார்ப்பது கடைக்காரனின் சுண்டுவிரலைத்தான். சொந்தத் தங்கை பழம் வாங்கி வந்தால்கூட, அடியில் இருப்பதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் "எதுக்குடி இதெல்லாம்" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கொழுந்தனோ, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாமானைத் தொலைக்கிற ஆள்.

அவள் வீட்டுக்காரர் பெரியவன், கொழுந்தன் சின்னவன். தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெரியவனுக்குப் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிற வேலை. இளவட்டமாக இருந்தபோது ஒரு பாட்டுக்குழுவில் பேஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தான். நாலு தடித்த கம்பி, பாட்டுக்கு அடியில் நின்று தாங்குகிற சத்தம். கூட்டத்தில் யாரும் அதைத் தனியாகக் கவனிக்க மாட்டார்கள், நின்றுபோனால் மட்டும் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். பெரியவனுக்குக் கல்யாணமான புதிதில் சின்னவன் அந்தக் கிடாரை வெளியூர்க் கச்சேரிக்கு இரவல் வாங்கிக்கொண்டு போய், வெறுங்கையோடு திரும்பி வந்தான். பஸ்ஸில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றான். "போனாப் போகுது, விடு" என்றான் பெரியவன். அதற்கப்புறம் வேறு கிடார் வாங்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

தையல்கடைக்காரி விடவில்லை. ஆள் உயரத்துக்கு இருக்கிற சாமானை ஒருத்தன் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போகும்வரை இவன் என்ன கண்ணைத் தைத்துக்கொண்டா இருந்தான்? விற்றுத் தின்றிருப்பான். ஆனால் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் வேறு நாதி கிடையாது. பெரியவன் வேலைவிட்டு வந்தால் சுவரைப் பார்த்து உட்காருகிற ஆள். சாயங்காலம் சின்னவன் ஆம்ப்ளிபயர் ரிப்பேர்க் கடையைப் பூட்டிவிட்டு வந்து, தட்டைப் போட்டு எதிரே உட்கார்ந்தால்தான் அந்த வாய் திறக்கும். சின்னவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ராத்திரிச் சாப்பாடு என்றைக்கும் இங்கேதான். அவன் வருவது நின்றால் தன் வீட்டுக்காரர் ஊமையாகிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சந்தேகத்தை மென்று முழுங்கிக்கொண்டு சோற்றைப் போட்டாள்.

மழைக்காலம் பிடித்த ஒரு நாள் சின்னவன் நனைந்துகொண்டே ஓடிவந்தான்.

"அண்ணே, கிளம்பு. இடிக்கப் போற ஓட்டல்ல ஸ்பீக்கர் கழட்டப் போனேன். ஸ்டோர் ரூம்ல ஒரு பேஸ் கெடக்குது. பழசு. நாம பொறக்கறதுக்கு முன்னாடி செஞ்சதுண்ணே."

பெரியவன் எழுந்து நின்றான். சட்டை போடாமலே வாசல்வரை போய்விட்டு, நினைவு வந்து திரும்பினான். அவன் அவ்வளவு வேகமாக எழுந்து அவள் பார்த்ததே இல்லை.

"நானும் வரேன்" என்றாள்.

"நீங்க எதுக்கு அண்ணி, ஒரே சேறு."

வர வேண்டாம் என்கிறானே, அப்போது கட்டாயம் போகத்தான் வேண்டும் என்று குடையை எடுத்தாள்.

ஸ்டோர் ரூமில் ஈரச் சாக்கும் எலிப் புழுக்கையும் நாறின. உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே கிடார் சாய்ந்திருந்தது. ஓட்டல்காரர்கள் அழகுக்கு மாட்டி வைத்திருந்து, சுவருக்கு வெள்ளையடித்தபோது அதற்கும் சேர்த்து அடித்துவிட்டிருந்தார்கள். கம்பிகளில் துரு, கம்பியை முறுக்குகிற சாவி ஒன்று உடைந்திருந்தது. இதற்கா இந்த ஓட்டம் என்று நினைத்தாள்.

"இது மேடையிலயே இருந்த சாமான்மா. நல்ல கை பட்டது" என்றார் மேனேஜர்.

"நல்ல கை பட்டதுக்கா இந்தப் பெயின்ட்டு?"

மேனேஜர் சின்னவனைப் பார்த்தார். சின்னவன் மேனேஜரைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் பிடித்து முடிந்து வைத்துக்கொண்டாள். கமிஷன் இருக்கிறது, சந்தேகமே இல்லை.

சின்னவன் தோள்பையிலிருந்து ஒரு சின்ன ஆம்ப்ளிபயரை எடுத்து ஒயரைச் சொருகினான். முதலில் கரகரவென்று ஒரு இரைச்சல். பெரியவன் தரையில் குந்தி, டயர்க் கறுப்பு ஏறிய கட்டைவிரலால் தடித்த கம்பியைத் தட்டினான். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வந்தது. தகரக் கதவு ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. பெரியவன் தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்துச் சிரித்தான். கல்யாணப் போட்டோவில்கூட அவன் அப்படிச் சிரித்திருக்கவில்லை. அதைப் பார்த்த பிறகும் அவள் ஒரு மணி நேரம் பேரம் பேசி, மேனேஜர் வாயில் நுரை தள்ளவைத்துத்தான் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மழை விட்டபாடில்லை. கடையின் பின்னறையில், துணிமூட்டைகளை ஒதுக்கிவிட்டு, அண்ணனும் தம்பியும் வேலையில் இறங்கினார்கள். வெள்ளைப் பெயின்டைச் சுரண்டுவது பெரியவன் பங்கு. தகடு வைத்துச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பான். அடியில் செம்பழுப்பாக மரத்தின் ரேகை தெரிந்தபோது, "ஏம்மா, இங்க வந்து பாரேன்" என்று அவளைக் கூப்பிட்டான். தானாக அவளைக் கூப்பிட்டுப் பேசியது எத்தனையோ நாளுக்கப்புறம். மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட திருகாணிகள் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. வளைந்திருந்த கழுத்தைச் சின்னவன் உள்கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி நேராக்கினான், ஒரு திருகு திருகிவிட்டு மறுநாள்வரை அதைத் தொடமாட்டான்.

"ஏன் தம்பி, இன்னும் ரெண்டு திருகு திருகினா இன்னைக்கே முடிஞ்சிடும்ல?"

"மரம் கோவிச்சுக்கும் அண்ணி."

இழுத்தடிக்கிறான் என்று பட்டது அவளுக்கு. எதற்கு இழுத்தடிக்கிறான் என்பதும் சீக்கிரமே விளங்கியது, அதை அவனே வாயால் சொன்னான். கம்பிகளுக்கு அடியில் பதித்திருந்த சோப்புக்கட்டி அளவு கறுப்புப் பொருளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"இதான் அண்ணி பிக்கப். உள்ள காந்தம், சுத்தி மயிரிழைல செப்புக் கம்பி. கம்பி ஆடறத இதுதான் கரண்டா மாத்துது. இந்தக் கிடார்ல மத்ததெல்லாம் வெறும் கட்டை. இது ஒண்ணுக்குத்தான் ஆளு அலையுறானுங்க. இதைத் தனியா வித்தாலே இன்னொரு கிடார் வாங்கிடலாம்."

"அப்படியா தம்பி" என்றாள் தையல்கடைக்காரி. மூக்கு வியர்த்துவிட்டது.

"நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டுப் போறேன். மீட்டர் அங்கதான் இருக்கு. பாத்துட்டுக் கொண்டு வரேன்."

போகும், வராது. வந்தாலும் அதுவாக வராது. சாயக்காரனின் முகம் அப்படியே அவள் கண் முன்னால் வந்து நின்றது. அண்ணனும் தம்பியும் உப்புத்தாள் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் பின்னறைக்குப் போய் பிக்கப்பைக் கையில் எடுத்தாள். செப்புச் சுருளைச் சுற்றிப் பழைய கறுப்புத் துணி டேப் ஒட்டியிருந்தது, ஓரம் பிரிந்து நூல் நூலாக நின்றது. துணிதானே என்று ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து, டேப்பின் ஓரத்தில் குறுக்கே ஒரு தையல் போட்டாள். ஊசி உள்ளே போகும்போது நறுக்கென்று ஏதோ தட்டுப்பட்டது. அரிசியில் கல் கடிபட்ட மாதிரி. ஊசியை மேலாக வாங்கி, முடிச்சுப் போட்டு, பல்லால் நூலைக் கடித்தாள். இனி மாற்றட்டும் பார்க்கலாம்.

மறுநாள் சாயங்காலம் சின்னவன் தொங்கிய முகத்தோடு வந்தான்.

"அண்ணே, பிக்கப் செத்துடுச்சு."

பெரியவன் உப்புத்தாளைக் கீழே வைத்தான். "என்னடா சொல்ற?"

"மீட்டர்ல முள்ளே அசையல. எப்படின்னே தெரியலண்ணே. அன்னிக்கு ஓட்டல்ல நல்லாத்தானே பேசுச்சு."

"அன்னிக்குப் பேசுச்சுல்ல?" என்றாள் அவள். "எங்க, கொடுங்க தம்பி பாப்போம்."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சுற்றிலும் பளபளவென்று புது டேப். சிவப்பு நூலைக் காணோம். எதிர்பார்த்ததுதான் என்றாலும் இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள். ஆள் அகப்பட்டுக்கொண்டான் என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இது ஏன் புது டேப்பா இருக்கு?"

"பழசு பிரிஞ்சு தொங்குச்சு அண்ணி. நான்தான் சுத்தினேன்."

வீட்டுக்காரரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் பார்த்த பார்வை, தனியாக விற்றால் கிடைக்கும் விலை, தான் போட்ட தையல், புது டேப். பஸ்ஸில் போன பழைய கிடாரையும் இழுத்தாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்தது மடை திறந்துகொண்டது.

"நூலு இருந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றான் பெரியவன்.

"இருந்துச்சு. என் கையால போட்டேன். இப்ப இல்ல."

அவன் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனான்.

"பழைய பிக்கப் எங்கடா?"

சின்னவன் தட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான். புரியாமல் சிரித்தான். "இதாண்ணே அது."

"இது இல்லடா. அது எங்க?"

சிரிப்பு முகத்திலிருந்து இறங்கப் பார்த்தது, பாதியிலேயே நின்றது. அண்ணனையும் சமையலறை வாசலையும் மாறிமாறிப் பார்த்தான்.

"நீ கேக்கறியா, அண்ணி கேக்கச் சொன்னாங்களா?"

"நான்தான் கேக்கறேன்."

"நீயே கேக்கறியா." சின்னவன் தட்டை எடுத்துக் கழுவினான். அதில் இன்னும் ஒன்றும் பரிமாறியிருக்கவில்லை. கவிழ்த்து வைத்துவிட்டுக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "பஸ்ல போனதையும் நான் வித்துட்டேன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டு இருந்தியாண்ணே?"

பெரியவன் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சின்னவன் நின்றிருப்பான். மழையில் குடையில்லாமல் போனான்.

அதன் பிறகு அவன் வரவில்லை. பெரியவன் பழையபடி சுவருக்குத் திரும்பினான். சுரண்டி முடிக்காத கிடார் பின்னறையில் பாதி வெள்ளையும் பாதி செம்பழுப்புமாகக் கிடந்தது. "சாப்பிடுறீங்களா" என்றால் தலையாட்டுவான், "போதுமா" என்றாலும் அதே தலையாட்டல். திருட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தவளுக்கு நன்றி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, முகத்தையாவது பார்க்கக் கூடாதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கொழுந்தனின் தட்டை எடுத்து உள்ளே வைக்கவும் மனசில்லை, வெளியே விட்டுவைக்கவும் பிடிக்கவில்லை.

போலிப் பிக்கப்பாக இருந்தாலும் அதற்கு உயிர் கொடுக்க முடியுமா பார்ப்போம் என்று ஒரு நாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு, ஃபேனுக்கும் மோட்டாருக்கும் காயில் கட்டுகிறவரிடம் போனாள். வார்னிஷ் வாடை தூக்கியடித்த சின்னக் கடை. "விட்டுட்டுப் போங்க, பாத்து வைக்கறேன்" என்றார் காயில்காரர். "இல்லண்ணே, இங்கயே பிரிங்க, நான் இருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். இவர் வேறு எதையாவது மாற்றிவிட்டால்?

காயில்காரர் கண்ணாடியை மாட்டி, பிளேடு நுனியால் புது டேப்பை உரித்தார். அடியில் பழைய டேப் இருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பாகக் குறுக்கே ஒரு தையல்.

"அட, இதுக்கு யாரும்மா தையல் போட்டது?" என்று சிரித்தார். "இங்க பாருங்க. ஊசி போன இடத்துல மேல்சுத்து கம்பி அறுந்திருக்கு. தலைமுடியவிட மெல்லிசு, ஊசிக்குத் தாங்குமா? யாரோ வேலை தெரியாத ஆளு கைய வச்சிருக்காங்க."

தையல்கடைக்காரிக்குக் கடையும் காயிலும் சுற்றின. எத்தனை பேர் எத்தனை தையலைக் காட்டினாலும் தன் கைத்தையலை அவள் கண்டுபிடித்துவிடுவாள், இது அவள் தையல்தான். அதே பிக்கப். அவன் எதையும் மாற்றவில்லை. கொன்றது இவள் ஊசி.

"சரி பண்ண முடியுமாண்ணே?"

"எனக்கு வராதும்மா. நான் கட்டறதெல்லாம் தடிக் கம்பி. மார்க்கெட் பின்னாடி ஆம்ப்ளிபயர் கடைத் தம்பி ஒண்ணு இருக்கு, சின்னவன்னு கூப்பிடுவாங்க. அதுக்குத்தான் அந்தப் பொறுமை உண்டு. நல்ல பையன். நம்பிக் கொடுக்கலாம்."

அந்தத் தையலைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இந்த யோசனை வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, தெருமுனைவரை கூடவே நடந்தது. வீட்டுக்குள் நுழைந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகைப் பார்த்ததும் விட்டுப்போயிற்று.

"ஏங்க. தம்பி மாத்தல. நூலு உள்ளயே இருக்கு. நான் ஊசி குத்தினதுலதான் கம்பி அறுந்துபோச்சு."

பெரியவன் பிக்கப்பை வாங்கிப் பார்த்தான். அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"நீ நூலைப் பாத்துத்தான் சொன்ன" என்றான் கடைசியில். "நான் எதைப் பாத்துக் கேட்டேன்?" பாயைப் போட்டுப் படுத்துவிட்டான்.

மறுநாள் அவள் தனியாக ஆம்ப்ளிபயர் கடைக்குப் போனாள். சின்னவன் திறந்த ரேடியோ ஒன்றின் மேல் குனிந்திருந்தான். "வாங்க அண்ணி" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அந்த மரியாதைதான் அவளைக் குத்தியது. உட்காராமலே நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த நூலைப் பாத்தேன் அண்ணி" என்றான் அவன். "அந்தக் காலத்துல சுருளை நூல் போட்டுக் கட்டுவாங்க. பழைய ஆளு யாரோ கட்டினதுன்னு நெனச்சேன். அவுந்துடக் கூடாதேன்னுதான் மேல டேப் சுத்தினேன்."

"என்னை மன்னிச்சிடு தம்பி. வீட்டுக்கு வா. உங்கண்ணன் வாயே தொறக்க மாட்டேங்கறாரு."

"வரேன் அண்ணி. அதைச் சரி பண்ணிக் கொடுக்கறேன். ஆனா ஒண்ணு. நான் வேலை செய்யறப்ப நீங்க எதிர்ல உக்காந்திருக்கணும். ஒவ்வொண்ணையும் பாக்கணும்."

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு?"

"எனக்காக."

சாயங்காலம் வந்தான். "சாப்பிட்டுட்டு ஆரம்பி தம்பி" என்று தட்டை எடுத்தாள். "கடையிலயே ஆச்சு அண்ணி" என்றான். பின்னறையில் விளக்கை இழுத்துக் கட்டி, பூதக்கண்ணாடியை ஸ்டாண்டில் மாட்டினான். பெரியவன் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தான். அவள் எதிரே.

தையலை அவன் அறுக்கவில்லை, முடிச்சைத் தேடி அவிழ்த்து நூலை உருவினான். "பாத்துட்டீங்களா?" என்றான். "பாத்துட்டேன்" என்றாள். அறுந்த முனையை மூச்சுப் படாமல் ஊசி நுனியால் தூக்கி, கெட்டுப்போன சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். "இது வேஸ்ட். பாத்துட்டீங்களா?" பார்த்தாள். சூட்டுக்கோலால் ஒரு பொட்டு ஈயம் வைத்தான். "பாத்துட்டீங்களா அண்ணி?" குரலில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. வாடிக்கைக்காரரிடம் பேசுகிற குரல். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, பார்ப்பது இவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியாமல் போயிற்று. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவன் விடவில்லை.

மீட்டரின் முள் அசைந்தது. பிக்கப்பைப் பதித்து, கம்பிகளைப் பூட்டி, சுருதி சேர்த்து, ஆம்ப்ளிபயர் ஒயரைச் சொருகி, கிடாரை அண்ணன் மடியில் வைத்தான். பெரியவன் தட்டினான். தையல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோல் கிடுகிடுவென்று ஆடியது. விரல்கள் தடுமாறி, வழி தேடி, பிறகு நடக்க ஆரம்பித்தன. வாசித்துக்கொண்டே பெரியவன் அழுதான்.

"டேய், நான் கேட்டிருக்கக் கூடாதுடா" என்றான்.

"விடுண்ணே. நல்லாப் பேசுது பாரு" என்றான் சின்னவன். அண்ணன் தோளில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்தினான்.

அவளுக்கு மனசு லேசானது. எல்லாம் சரியாகிவிட்டது, நாளைக்குத் தட்டைப் போட்டு உட்காருவான் என்று நம்பினாள். அவள் ஒன்றை நம்புவதே அபூர்வம்.

கிளம்பும்போது சின்னவன் கருவிப் பெட்டியைத் தூக்கவில்லை. மூடியை விரியத் திறந்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"பாத்துக்கோங்க அண்ணி."

"வேணாம் தம்பி. என்னைக் கொல்லாத. மூடு அதை."

மனசாரத்தான் சொன்னாள். சொல்லும்போது கண்ணில் நீர்கூட முட்டியது. ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கண், அவளைக் கேட்காமல், பெட்டிக்குள் போயிற்று. சூட்டுக்கோல், திருப்புளி, ஈயச்சுருள், மீட்டர் என்று ஒவ்வொன்றாக நகர்ந்து, மூலையில் செருகியிருந்த காகிதப் பொட்டலத்தில் ஒரு கணம் நின்றது.

சின்னவன் அதைக் கவனித்தான். குனிந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ராத்திரிக்கென்று வாங்கி வைத்திருந்த பன்னை அவளிடம் காட்டினான். அப்புறம் அதே காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்து, பெட்டியை மூடிக்கொண்டு போனான்.